ஒற்றைக் கைக் கதவு

அக்கா எதையும் ஒற்றைக் கையால் தொடமாட்டார். டீ டம்ளரை இரண்டு கையாலும் வாங்குவார். மேசை துடைக்கும்போது வலது கையில் துணி இருந்தால் இடது கை அதன்மேல் இருக்கும். லைட் சுவிட்சை ஒரு விரலால் தட்டிவிட்டுப் போகலாம் அல்லவா? அக்கா போடும்போது வலது கை சுவிட்சில் இருக்கும், இடது உள்ளங்கை விரிந்து சுவரில் பதிந்திருக்கும். சாப்பிடும்போது மட்டும் வேறு வழியில்லை. அப்போதும் இடது கை டிபன் பாக்ஸின் விளிம்பை விடாது. இரண்டு கையும் எப்போதும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்கள் அதை மரியாதை என்று நினைத்தோம். ஒரு பேனா கேட்டால்கூட வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பதுபோல நீட்டுகிறாரே என்று ஆபீஸில் கிண்டல் செய்வோம். "என்னக்கா, நான் என்ன சம்பந்தி வீடா?" என்று நானே கேட்டிருக்கிறேன். அக்கா சிரிக்கமாட்டார். "ரெண்டு கைதான் கண்ணு. பழக்கமாயிருச்சு" என்பார்.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு வீடியோ விளையாட்டு கேட்டது. அந்த விளையாட்டைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஓசூரில் சிப்காட் போகும் சாலையில், மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தமே ஐந்து பேர். முதலாளி கிரீஷ் அத்திப்பள்ளிக்காரர். பெங்களூர் வாடகைக்குப் பயந்து எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தவர் அடுத்தவர்களைப் பயமுறுத்தும் தொழிலைத் தொடங்கினார். நான் கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். விளையாட்டில் வரும் சத்தங்கள் எல்லாம் என் பொறுப்பு.

விளையாட்டுக்கு 'உள்ளறை' என்று பெயர். ஒரு பழைய வீட்டுக்குள் மாட்டிக்கொள்வீர்கள், ஒவ்வொரு கதவாகத் திறந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆளுக்கொரு வீடு. மணிக்கட்டில் கட்டும் பட்டை உங்கள் நாடித்துடிப்பை எண்ணும். மைக் உங்கள் மூச்சையும் வாய்விட்டுச் சொல்லும் வார்த்தையையும் கேட்கும். கையில் பிடிக்கும் கண்ட்ரோலர், எந்தக் கதவுக்கு முன்னால் எத்தனை நொடி தயங்கினீர்கள் என்று குறித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் வைத்து அடுத்த அறையை விளையாட்டே கட்டும். நாய்க்குப் பயப்படுகிறவருக்கு நாய் வரும், தண்ணீருக்குப் பயப்படுகிறவருக்குக் கிணறு வரும். எதற்குப் பயம் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

"ஒரு ஆள் எத எப்பவும் செய்றாங்களோ, அத செய்ய விடாம பண்ணணும். பயம் அங்கதான் உக்காந்திருக்கும்" என்பார் கிரீஷ். அதையே விதியாக எழுதி விளையாட்டுக்குள் வைத்திருந்தார்.

விளையாட்டு எடுத்துக்கொள்ள நான் ஒரு பெட்டி நிறையச் சத்தம் சேர்த்து வைத்திருந்தேன். கிணற்று ராட்டினம், குக்கர் விசில், தெருநாய், குழந்தை அழுகை. ஊரில் சும்மா கிடைக்கிறதே என்று கம்பெனிகளின் ஷிப்ட் சங்கையும், தெரிந்தவர் பட்டறையில் ஒரு பவர் பிரஸ் தகட்டை வெட்டும் சத்தத்தையும் பதிவு செய்து போட்டிருந்தேன். பிரஸ் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றில் விழும். நல்ல சத்தம் என்று எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அக்காவுக்கு ஊர் பேரிகைப் பக்கம். காலையில் வந்து ஆபீஸைப் பெருக்கித் துடைத்துவிட்டு மதியம் போய்விடுவார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கிரீஷிடம் கன்னடம், மூன்றிலும் கம்மியாகத்தான் பேசுவார். விளையாட்டைச் சோதித்துப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகளை வரவழைத்தோம். அவர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே கத்தினார்கள். பயந்தார்களா, பயந்ததுபோல நடித்தார்களா என்று அவர்களுக்கே தெரியாது. ஒருநாள் அப்படி ஒரு பையன் அலறிக்கொண்டிருந்தபோது, பின்னால் மாப் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்த அக்கா, "அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒண்ணுமில்ல தம்பி. கீழ நெழல் வுழுவல பாரு" என்றார்.

நான்கு மாதமாக எங்கள் யார் கண்ணிலும் படாத பிழை அது. கிரீஷ் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

"கம்பெனிலதாங்க. பிரஸ் ஷாப். பீஸ்ல கோளாறு பாத்துப் பாத்துப் பழக்கம்."

அன்றிலிருந்து அக்கா காலையில் பெருக்குவார், பதினொரு மணியிலிருந்து மூன்று வரை உட்கார்ந்து விளையாடுவார். நாடிப் பட்டையைக் கட்ட ஒரு கையைக் கேட்டால் இரண்டையும் நீட்டுவார், போலீஸ்காரரிடம் விலங்குக்கு நீட்டுவதைப் போல.

விளையாட்டால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. நாடி எழுபத்திரண்டு. பாம்பு வந்தது. "இது சாரை. இதுக்குப் போயி இவ்ளோ சத்தமா?" எழுபத்திரண்டு. ஈரச் சேலையோடு செத்துப்போன பெண் வந்து நின்றாள். "அந்தப் புள்ளைக்கு முந்தானையக் கொஞ்சம் சரியா போட்டு வுடுங்கப்பா." எழுபத்து மூன்று. குழந்தை அழுதது. "பசி அழுகை இது. பயந்த அழுகை வேற மாதிரி இருக்கும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். பதிவு செய்த வீட்டில் போய்க் கேட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. குழந்தையை மாற்றினேன்.

கிரீஷுக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டை வாங்குவதற்கு பெங்களூரிலிருந்து இருவர் வரப்போகிறார்கள். கத்துவதற்கென்றே வருகிற பிள்ளைகளைக் காட்ட வேண்டாம், சாதாரண ஆள் ஒருவரை உட்கார வையுங்கள், உங்கள் விளையாட்டு அவரிடம் எதையாவது கண்டுபிடிக்கிறதா பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் இருந்தது. வாங்காவிட்டால் ஆபீஸுக்குப் பூட்டு, ஐந்து பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். நாடி எழுபத்திரண்டிலேயே துடிக்கும் ஒரு பெண்மணியின் மணிக்கட்டில் எங்கள் எல்லாருடைய வேலையும் கட்டிக் கிடந்தது.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விளையாட்டு நின்றுவிடாமல் ஓடுகிறதா என்று பார்க்க, கண்ட்ரோலர் பட்டனை மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். யார் உட்கார்ந்து அழுத்துவது? பட்டனைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். திரும்பி வந்தபோது அக்கா என் மேசை முன்னால் நின்றிருந்தார். இரண்டு கையாலும் கண்ட்ரோலரைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"யாரு இத கட்டுனது?"

அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. "நான்தாங்க்கா. சும்மா டெஸ்டுக்கு."

ரப்பர் பேண்டைக் கழற்றி என் கையில் வைத்தார். "கட்டுனா கழட்டிட்டுப் போவணும் கண்ணு. நீ பாட்டுக்குப் போயிட்டா, பின்னாடி வர்றவங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றார். பிறகு போய் பாத்ரூமைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். ஒரு ரப்பர் பேண்டுக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த வாரம் விளையாட்டு ஒன்றைக் கவனித்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பக்கத்து அறையில் உட்கார்ந்து, அக்காவுக்கு விளையாட்டு கட்டிய வீட்டைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் எங்கோ பிரஸ் சத்தம். என்னுடைய சத்தம்தான். அக்கா ஒரு நொடி நின்றார். நாடி எண்பத்தொன்று. அடுத்த அறையில் விளையாட்டு மறுபடி அதே சத்தத்தைப் போட்டது, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். தொண்ணூறு. நாய் மோப்பம் பிடிக்குமே, அப்படித்தான் இருந்தது. யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. அறைக்கு அறை கிட்டே கிட்டே கொண்டுவந்தது.

கண்ட்ரோலரில் இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன். கதவைத் திறக்க ஏதாவது ஒன்றை அழுத்தினால் போதும். எல்லாரும் வலதைத்தான் அழுத்துவார்கள். அக்கா மட்டும் எந்தக் கதவையும் இரண்டையும் சேர்த்து அழுத்தித்தான் திறந்திருந்தார். முந்நூறு கதவுக்கு மேல் இருக்கும், ஒருமுறைகூட மாறவில்லை. நாங்கள் மரியாதை என்று சொல்லிச் சிரித்ததை விளையாட்டு கணக்கில் வைத்திருந்தது. எப்போதும் செய்வதைச் செய்ய விடாதே என்பது அதற்குக் கிரீஷ் கொடுத்த விதி.

பிரஸ் சத்தம் தொடங்கிய ஒன்பதாவது நாள் பச்சை நிற இரும்புக் கதவு ஒன்று வந்தது. அக்கா இரண்டு பட்டனையும் அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். திரையில் அவருடைய இடது கை கதவுக்கு உள்ளே மாட்டியிருந்தது. வலது பட்டனை மட்டும் அழுத்தினால் திறக்கும் என்று கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக் காட்டியது. உள்ளே பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா அழுத்தவில்லை. நூற்றுப் பத்து. நூற்று முப்பது. நூற்று நாற்பத்தாறு.

"பந்த்து" என்றார் கிரீஷ், கன்னடத்தில். வந்துவிட்டது என்று அர்த்தம். என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் என் வேலை தப்பித்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மைக்கில் அக்காவின் குரல் வந்தது. மெதுவாக, கெஞ்சுவதுபோல.

"கைய எடு ரத்னா. ரத்னா, கைய எடு."

இருபது நிமிடம் அந்தக் கதவின் முன்னால் இருந்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மேசைகளைத் துடைத்தார். ரத்னா யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் உள்ளறையிடம் ஒரு குணம் உண்டு. விளையாடுகிறவர் வாய்விட்டுச் சொன்னதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். மறுநாள் அதே பச்சைக் கதவுக்கு உள்ளேயிருந்து அக்காவின் குரல் அக்காவைக் கூப்பிட்டது. "கைய எடு ரத்னா."

அக்கா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். கீழே சாலையில் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, வேண்டாம்னா விட்டுருங்க. நான் கிரீஷ்கிட்ட சொல்றேன்."

"பிரஸ்ஸுல ரெண்டு பட்டன் இருக்கும் கண்ணு" என்று ஆரம்பித்தார். "எடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா அமுக்குனாத்தான் மேல இருந்து அச்சு எறங்கும். ரெண்டு கையும் வெளிய இருக்கணும்ங்கறதுக்காவ அப்டி வெச்சிருக்கான். ஆனா அப்டி ஓட்டுனா அவங்க கேக்கற கணக்குக்குப் பீஸ் வராது. அதனால சைக்கிள் ட்யூப வெட்டி ஆளுக்கு ஒண்ணு வெச்சிருப்போம். எடது பட்டன அதுல கட்டிட்டா ஒரு கை ஃப்ரீ ஆயிரும். பீஸ ஒரு கையில வெச்சிட்டு, ஒரு கையில அமுக்கிட்டே போலாம். எல்லாருந்தான் கட்டுவாங்க. சூப்பர்வைசருக்கும் தெரியும். ஷிப்ட் முடிஞ்சா கழட்டிட்டுப் போவணும். அவ்ளோதான்."

பஸ்கள் போய் முடிந்தன.

"ஒருத்தி ஒருநாள் கழட்டாம போயிட்டா. பஸ்ஸு கெளம்பிருச்சுன்னு ஓடிட்டா. அடுத்த ஷிப்டுக்கு அந்த மெஷினுக்கு வந்தது புதுப் பொண்ணு. தளிப் பக்கம் ஊரு. வந்து மூணு வாரந்தான் ஆச்சு. ரெண்டு கையும் வெச்சாத்தான் எறங்கும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. அந்த நம்பிக்கையில எடது கையில பீஸ உள்ள வெச்சிட்டே வலது கைய சும்மா பட்டன் மேல வெச்சிருக்கா."

தன் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார். "கை போனதும் இல்லாம, அவதான் கட்டுனான்னு எழுதிட்டாங்க. நான் கட்டலன்னு அழுதா. யாரும் நம்பல. கூட இருந்தவங்களையெல்லாம் கூப்ட்டுக் கேட்டாங்க. எல்லாரும் தெரியாதுன்னுட்டோம்" என்றார்.

கழற்றாமல் ஓடிய அந்த 'ஒருத்தி' யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. எத்தனையோ நாள் அவர் கையிலிருந்து டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். அந்த இரண்டு கையையும் பார்த்துக் கிண்டலும் செய்திருக்கிறேன்.

"என் குரல மட்டும் அதுலேர்ந்து எடுத்துடு கண்ணு. அந்தப் பொண்ணு பேரு வருது" என்றார்.

"சரிங்க்கா" என்றேன்.

எடுக்கவில்லை. எடுக்கத்தான் உட்கார்ந்தேன். "அந்த ஒரு குரல்தான் மொத்த கேமும். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் எடு" என்றார் கிரீஷ். கிரீஷ் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சத்தப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. அந்தக் குரல் இருந்தால் ஜெயிப்போம் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

பெங்களூர்க்காரர்கள் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். அக்கா வராமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வந்தார். கஞ்சி போட்ட சேலை, தலையில் பூ. பட்டை கட்ட இரண்டு கையையும் நீட்டினார். கட்டும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

நான்கு அறைகள் தாண்டியதும் பச்சைக் கதவு வந்தது. உள்ளே பிரஸ். நூற்று இருபது. வந்திருந்த பெண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இடது கை உள்ளே மாட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கு மினுக்கியது. கதவுக்குள்ளிருந்து அக்காவின் குரல், "கைய எடு ரத்னா."

அக்கா கண்ணாடி வழியாக என்னைத் தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை. கண்ட்ரோலரை மடியில் வைத்தார். ஹெட்போனைக் கழற்றாமல், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பேசினார். விளையாட்டோடு பேசுவதுபோல இல்லை. விசாரணையில் நிற்கிறவர்போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"ரத்னா கட்டல. எடது பட்டன கட்டுனது நானு. கழட்டாம பஸ்ஸு புடிக்க ஓடிட்டேன். கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லிட்டேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

பிறகு கண்ட்ரோலரை எடுத்தார். வலது கட்டைவிரலால் மட்டும் அழுத்தினார். கதவு திறந்தது.

வந்தவர்கள் கைதட்டினார்கள். "வாட் எ பெர்ஃபார்மன்ஸ்" என்றார் அந்த ஆண். நாங்கள் யாரோ நாடக நடிகையை உட்கார வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாராம். அந்தக் கதவையும் அந்தக் குரலையும் எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அன்றே கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். கிரீஷ் எல்லாருக்கும் பிரியாணி சொன்னார்.

அக்கா என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டார். "நான் இப்ப பேசுனது பதிவாயிருக்குமா?"

"ஆயிருக்குங்க்கா."

"அத போன்ல போட்டுக்கிட்டு என்கூட தளி வரைக்கும் வர்றியா? என்னால நேர்ல சொல்ல வராது."

நான் அவருக்கு அவ்வளவு கடன்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தளி பஸ் ஏறினோம். வழியெல்லாம் அக்கா முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். இறங்குவதற்கு முன்னால், "கதவச் சாத்திட்டான்னா?" என்று ஒருமுறை கேட்டார். "சாத்தமாட்டாங்க்கா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

ரத்னா வாசலில் சாக்கை விரித்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். இடது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. அக்காவைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அக்கா சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போனில் பதிவைப் போட்டேன். அரை நிமிடம்கூட வராது. ரத்னா அது முடியும்வரை பீன்ஸ் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"செவப்பு ட்யூப்" என்றாள் கடைசியில். "எல்லாரும் கறுப்பு ட்யூப் வெட்டி வெச்சிருந்தாங்க. உங்களுது மட்டுந்தான் செவப்பு. எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா."

அக்கா சாக்கின் ஓரத்திலிருந்து அவள் பக்கம் நகர்ந்தார். "தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?" என்றார்.

"என்னைத்தான் யாரும் நம்பலியே. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில பாத்தேன். வீட்டுக்கு வந்தப்புறமும் பாத்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பஸ்ஸு சத்தம் கேட்டா பாப்பேன்." அழுகிப்போன ஒரு பீன்ஸைத் தூர எறிந்தாள். "இப்பவும் போனுதான் சொல்லுது. நீங்க எங்க சொன்னீங்க?"

நான் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாலைவரை நடந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தபோது அக்காவின் வாய் அசைவது தெரிந்தது. நெடுநேரம் பேசினார். ரத்னா இப்போது பீன்ஸைத் தொடவில்லை. அக்காவின் இரண்டு கையும் ரத்னாவின் அந்த இடது கையைப் பிடித்திருந்தன. ரத்னா அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் சொன்னார். "கம்பெனிக்கு வந்து எழுதிக் குடுங்கன்னா. திங்கக்கெழம ரெண்டு பேரும் போறோம்." போனார்கள் என்றும், எழுதிக் கொடுத்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். என்ன ஆயிற்று என்று தெரியாது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அக்கா எங்கள் ஆபீஸுக்கு வரவில்லை. நானும் அந்த ஆபீஸில் இப்போது இல்லை. எல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது.

'உள்ளறை' வெளிவந்தது. நன்றாகவே ஓடுகிறது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் அந்தப் பச்சைக் கதவு முன்னால் நின்று, தமிழ் தெரியாமலே அந்தக் குரலுக்கு நடுங்குகிறார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் சத்தம் அருமை என்கிறார்கள். சத்தம் என் வேலை.

வெளிவந்த மாதம் அக்கா போன் செய்தார். நலம் விசாரித்தார். எங்கள் வீட்டில் எல்லாரையும் கேட்டார். பிறகு, "அந்தக் குரல எடுத்துட்டியா கண்ணு?" என்றார்.

"எடுத்துட்டேங்க்கா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. மூச்சு கேட்டது. நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு நீளமாக இருந்தது.

"சரி கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்குத் தெரியும். அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. போனில் அக்கா என்று பெயர் போட்டு வைத்திருக்கும் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே போனைத் திரும்பப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.